நடக்கலாம், நிற்கக் கூடாது: பொதுமுடக்கக் கால இங்கிலாந்தில் மழையிலும் குளிரிலும் வெளியே போன கதை

கேள்வி இதுதான்: 2020, 2021 பொதுமுடக்கக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்தவர்கள் மழை, குளிர், இருட்டு என்று பாராமல் நாள்தோறும் வெளியே நடக்கப் போனதாகச் சொல்கிறார்களே, சட்டம் அதற்கு எவ்வளவு இடம் கொடுத்தது? வெயில் நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்கள், குறிப்பாக வயதானவர்கள், அந்த வானிலையை எப்படிச் சமாளித்தார்கள்?

அந்த இரண்டு ஆண்டுகளையும் நான் வடமேற்கு லண்டனின் ஹாரோ பகுதியில் கழித்தேன். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வார இறுதிகளில் நடைக்குழுக்களோடு காடுமேடு சுற்றிப் பழகியவன் என்பதால், முடக்கம் வந்தபோது என்ன உடுப்பது, எங்கே போவது என்று அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பது வழக்கமாயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வானிலை பெரிய தடையாக இருக்கவில்லை. அசைந்துகொண்டே இருந்தவரை சட்டமும் நம்மை விட்டுவிட்டது, குளிரும் விட்டுவிட்டது. நின்றால்தான் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஒரே மூச்சில் நடக்க முடிந்தவர்களுக்கும், நடுநடுவே உட்கார்ந்துதான் போக முடியும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கும் அந்தக் காலம் ஏன் இரு வேறு காலங்களாக அமைந்தது என்பதற்கு இதுவே காரணம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 23 இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு அனுமதிக்கப்பட்ட சில காரணங்களை அறிவித்தார். ஓட்டமோ நடையோ சைக்கிளோ, தனியாகவோ ஒரே வீட்டில் வாழ்பவர்களோடோ, நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சி என்பது அவற்றுள் ஒன்று. மூன்று நாள் கழித்து நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளைப் படித்தால், இங்கிலாந்துக்கான விதிகளில் அந்த 'நாளுக்கு ஒரு முறை' என்ற வரம்பே இல்லை. வேல்ஸ்தான் அதைச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. ஆகவே இங்கிலாந்தில் மாலையில் இரண்டாவது முறை பூங்காவைச் சுற்றியவர் அறிவுரையை மீறினாரே தவிரச் சட்டத்தை மீறவில்லை. இது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்றால், எங்கள் தெருவில் அநேகமாக ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது முறை நாயை அழைத்துக்கொண்டு புறப்பட்ட பக்கத்து வீட்டுக்காரரைத் திரைச்சீலை விலக்கிப் பார்த்த கண்கள் நிறைய உண்டு.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கிலாந்தின் விதி தாராளமானது. பிரான்சில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரத்துக்குள், கையெழுத்திட்ட சான்றுத்தாளுடன்தான் நடக்க முடிந்தது. ஸ்பெயினில் 2020 ஏப்ரல் 26 வரை, ஏறத்தாழ ஆறு வாரம், சிறு குழந்தைகள் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. சென்னையில் இருந்த என் உறவினர்கள் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தார்கள். அந்த வகையில் எங்களுக்கு வாய்த்தது பேறுதான். ஆனால் 'உடற்பயிற்சி' என்ற ஒரு சொல்லின்மேல் அந்தத் தாராளம் முழுவதும் நின்றதால்தான் சிக்கலும் வந்தது.

அந்தச் சொல்லைக் காவலர்கள் எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2020 ஏப்ரல் நடுவில் ஒரு வழிகாட்டி வெளியாயிற்று. ஊர்ப்புறத்துக்குக் காரில் போய் நடக்கலாம், ஆனால் ஓட்டும் நேரத்தைவிட நடக்கும் நேரம் நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றது அது. நீண்ட நடையின் இடையில் இளைப்பாறவோ மதிய உணவு உண்ணவோ நிற்பது நியாயமானது என்றும், பூங்கா பெஞ்சுவரை சிறிது தூரம் நடந்து போய், நடந்ததைவிட நெடுநேரம் அங்கே உட்கார்ந்திருப்பது நியாயமான காரணமாக அமைய வாய்ப்பில்லை என்றும் எழுதியிருந்தது. இதை முதன்முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் வெளிக்காற்று வாங்கப் போகும் முறையே அதுதானே? இருநூறு அடி நடந்து, இருபது நிமிடம் உட்கார்ந்து, இருநூறு அடி திரும்பி வருவது. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வெளியை அந்த வாக்கியம் ஐயத்துக்குரியதாக ஆக்கிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோய்த்தொற்றின் கணக்கில் பெஞ்சு ஆபத்தான இடமே அல்ல. மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். திறந்தவெளியில் காற்று அவற்றை நொடிகளில் கலைத்துவிடும். 2020 தொடக்கத்தில் சீனாவில் மூன்று பேரோ அதற்கு மேற்பட்டோரோ பாதிக்கப்பட்ட முந்நூற்றுக்கும் அதிகமான தொற்றுத்திரள்களை ஆராய்ந்தவர்கள், அவை அனைத்தும் கட்டடத்துக்குள் நிகழ்ந்தவை என்று அந்த ஆண்டின் வசந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் அந்த ஏப்ரலில் புல்தரையில் படுத்து வெயில் காய்ந்தவர்களைக் காவலர்கள் எழுப்பி அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மூவாயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள் என்று தெற்கு லண்டனின் பிராக்வெல் பூங்காவை மறுநாள் பூட்டினார்கள். சுற்றிலும் பால்கனிகூட இல்லாத அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பகுதி அது.

அந்த வசந்தத்தின் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் பதிவேடுகள் தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை அவ்வளவு வெயில் அடித்த வசந்தம் இருந்ததில்லை: மூன்று மாதங்களில் 600 மணி நேரத்துக்கும் அதிகமான சூரிய ஒளி. வழக்கமாக ஏப்ரலில் குடையும் கையுமாக அலையும் ஊரில் நாங்கள் அரைக்கைச் சட்டையுடன் நடந்தோம். வாழ்நாளில் நடைக்கென்று போகாதவர்கள்கூட அந்த ஆறு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். மே 13 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே போகலாம், வேறு வீட்டார் ஒருவரைத் திறந்தவெளியில் சந்திக்கலாம் என்றும், ஜூன் 1 முதல் ஆறு பேர்வரை கூடலாம் என்றும் விதிகள் தளர்ந்தபோது, வெளியே போவது எளிது என்ற நினைப்பு எல்லோரிடமும் ஊறிவிட்டது. உண்மையான சோதனை நவம்பரில்தான் வந்தது.

நவம்பர் 5 அன்று இரண்டாவது பொதுமுடக்கம் தொடங்கியபோது லண்டனில் மாலை நான்கரைக்கே பொழுது சாய்ந்துவிட்டது. விதி இம்முறை சற்று மேலானது: வேறு வீட்டார் ஒருவரோடு வெளியே நடக்கலாம், உட்காரவும் செய்யலாம். டிசம்பர் 20 அன்று லண்டனும் தென்கிழக்கின் பெரும்பகுதியும் நான்காம் அடுக்கு எனப்பட்ட மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் போனபோதும் இந்த ஒன்று மிஞ்சியது. 2021 ஜனவரியில் மூன்றாவது முடக்கம் வந்ததும், சந்திப்பு உடற்பயிற்சிக்காக மட்டுமே என்று மீண்டும் சுருங்கியது. பழைய பெஞ்சுச் சிக்கல் திரும்பியது, இம்முறை உறைபனியோடு.

அந்த நவம்பரில்தான் மாமி என்னோடு நடக்கத் தொடங்கினார். இரண்டு தெரு தள்ளித் தனியாக வசித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபத்திரண்டு வயது. மகள் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்ததால், தாய்க்குத் தன்னால் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்குள் வருவதையே நிறுத்திவிட்டு, வாசலில் சாமான் பையை வைத்துக் கண்ணாடி வழியே கையசைத்துவிட்டுப் போவார். வசந்தத்தில் மாமி தன் பின்தோட்டத்திலேயே காலத்தைக் கழித்துவிட்டார். மழைக்காலம் வந்ததும் அதுவும் போயிற்று. முதல் நாள் நான் அழைத்தபோது, "மழைக்குள்ள போனாத் தடிமன் பிடிக்குமெல்லோ, தம்பி" என்று கதவைப் பாதி திறந்தபடி சொன்னார்.

இந்த நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. சளியும் காய்ச்சலும் கிருமியால் வருகின்றன, மழையால் வருவதில்லை. மழைக்குப் பயந்து எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் கூடுவதும் குளிர்காலத்தில் அவை கூடுதலாகப் பரவ ஒரு காரணம். அந்த ஆண்டில் இது தலைகீழ்ப் பாடமாகவே அமைந்தது: தொற்று காத்திருந்தது உள்ளேதான். ஆனால் நனைந்த உடம்போடு குளிரில் இருப்பது ஆபத்து என்ற அளவில் நம் பாட்டிமார் சொன்னது சரியே. பூச்சியத்துக்கு ஐந்து பாகை கீழே உலர்ந்த காற்றில் நடப்பதைவிட, பூச்சியத்துக்கு ஐந்து பாகை மேலே மழையில் ஊறிப்போய் நடப்பது உடம்பை வேகமாகக் குளிர்விக்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்பதே காரணம்.

அதனால் உடையைப் பற்றிய முதல் பாடம், பருத்தியைத் தோலோடு ஒட்டி அணியக் கூடாது என்பது. நமக்கு இது கசப்பான பாடம், ஏனென்றால் வெயிலுக்குப் பருத்தியைவிடச் சிறந்த துணி கிடையாது என்று பழகியவர்கள் நாம். வியர்வையையும் மழையையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் அதே குணம்தான் குளிரில் எதிரியாகிறது. உள்ளே மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் காற்றைச் சிறைப்பிடிக்கும் ஃபிளீஸ் அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத மெல்லிய மேலங்கி என்று மூன்று அடுக்கு. தடித்த ஒற்றைக் கோட்டைவிட இது நல்லது. வேகமாக நடந்து வியர்க்கும்போது நடு அடுக்கைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம், நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம். புறப்படும்போது கொஞ்சம் குளிர்வதுபோல் இருந்தால்தான் உடை அளவு சரி என்று நடைக்காரர்கள் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். குடை அந்த ஊர்க் காற்றுக்கு உதவாது, இரண்டாவது திருப்பத்தில் வெளிப்புறமாக மடங்கிவிடும்.

மேலங்கியில் நானே ஒரு தவறு செய்தேன். சேறு பட்ட மேலங்கியைச் சாதாரண சலவைத்தூளோடும், துணியை மென்மையாக்கும் திரவத்தோடும் இயந்திரத்தில் போட்டுவிட்டேன். அடுத்த மழையில் துளிகள் முத்து முத்தாக உருண்டு விழாமல் துணியில் பரவி ஊறின. உள்ளே தண்ணீர் வராவிட்டாலும் வெளித்துணி நனைந்து கனத்து, வியர்வை வெளியேற வழியில்லாமல் உட்புறம் ஈரமாகிவிட்டது. மேலே பூசப்பட்ட நீர்விலக்கும் பூச்சை அந்தத் திரவம் கெடுத்துவிட்டிருந்தது. இதற்கென்று விற்கும் கழுவுநீரில் அலசி, மீண்டும் பூச்சேற்றிய பிறகே சரியாயிற்று. கடைகள் மூடிக் கிடந்த காலத்தில் புதிதாக வாங்குவதைவிட, இருப்பதை இப்படிப் பராமரிக்கத் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

மாமிக்குச் சேலையை விட மனமில்லை. நான் வற்புறுத்தவுமில்லை. உள்ளே கம்பளிக் காலுறையும் தெர்மல் கால்சட்டையும், மேலே நூல் சேலைக்குப் பதிலாக நனைந்தாலும் உதறினால் காயும் நைலெக்ஸ் சேலை, அதைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிச் செருகி, முழங்கால்வரை வரும் ரப்பர் வெலிங்டன் பூட்ஸ் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மகளின் பழைய மழையங்கி மேலே. சேலைத் தலைப்பு தலையைச் சுற்றிக் காதை மூடியிருக்கும், அதற்கும் மேல் மழையங்கியின் தலைமூடி. மூன்றாவது வாரத்தில் சேலையை விட்டு மகனின் டிராக் கால்சட்டைக்கு மாறியது வேறு கதை. சேற்றுத்துணி துவைத்துக் கை வலித்ததுதான் அதற்குக் காரணம், நாகரிகம் அல்ல.

சேறு என்றதும் அந்தக் குளிர்காலத்தில் லண்டனில் இருந்த யாரும் பெருமூச்சு விடுவார்கள். லண்டன் நிற்பது கனத்த களிமண்ணின்மேல். பெய்த நீர் உள்ளே இறங்காது. வழக்கமாகக் குளிர்காலத்தில் பத்துப் பேர் நடக்கும் பாதையில் அந்த ஆண்டு ஆயிரம் பேர் நடந்தார்கள். எதிரே வருபவருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு ஒதுங்கினால் கால் புல்லில் பதியும். அங்கே ஒரு குழி விழும், அதைத் தவிர்க்க அடுத்தவர் இன்னும் தள்ளி ஒதுங்குவார். ஹாம்ஸ்டெட் ஹீத்திலும் எப்பிங் காட்டிலும் ஒற்றையடிப் பாதைகள் மாட்டுவண்டிச் சாலைபோல் அகன்று போயின. இதற்கு எங்கள் ஊரில் நான் கண்ட தீர்வு, ஈரமான நாட்களில் பசும்புல்வெளியைத் தேடாமல் தார் போட்ட இடங்களைத் தேடுவது: கல்லறைத் தோட்டங்கள், ஹாரோ குன்றின்மேல் ஏறும் பழைய தெருக்கள், கால்வாய்க் கரை. அழகு குறைவு என்பார்கள். ஹாரோ குன்றின் உச்சியில் உள்ள தேவாலய முற்றத்திலிருந்து மழை மேற்கேயிருந்து நடந்து வருவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இனி நிற்பதைப் பற்றி. நடக்கும் உடம்பு தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நின்ற இரண்டு நிமிடத்தில் அந்த உற்பத்தி குறைந்துவிடும், ஆனால் வியர்வையின் ஈரம் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் இன்னும் மோசம், நனைந்த மரப்பலகை தொடைவழியே சூட்டை உறிஞ்சும். மாமி இதை முதல் நாளே ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "நடக்கேக்க ஒண்டும் இல்லை, தம்பி. நிண்டாத்தான் குளிருது." அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் நடக்கவும் முடியாது. ஆகவே நிற்பதற்கே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். குளிரத் தொடங்கிய பின் போர்த்துவதால் பயனில்லை. எனவே நிற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், இன்னும் சூடாக இருக்கும்போதே, பையிலிருந்து கூடுதல் ஸ்வெட்டரை எடுத்து மேலே போட்டுவிடுவது. பழைய முகாம் பாய் ஒன்றை வெட்டி நான்கு துண்டாக்கி, ஆளுக்கொன்று பையில் வைத்துக்கொண்டு அதன்மேல் உட்காருவது. ஒருபோதும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாமல் எழுந்துவிடுவது. பிறகு, ஃபிளாஸ்க். மாமியுடையதில் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) தட்டிப்போட்டு அவித்த தண்ணீர் இருக்கும். சூடான பானம் உடம்பின் வெப்பநிலையை உயர்த்துவது சொற்பம்தான். ஆனால் கையுறையைக் கழற்றி அந்தச் சிறு மூடியை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொள்வதில் இருக்கும் தைரியத்தை எந்த அளவுகோலும் அளக்காது.

அந்த ஃபிளாஸ்க்குக்கும் ஒரு சோதனை வந்தது. 2021 ஜனவரி தொடக்கத்தில் டெர்பிஷையரில் ஒரு நீர்த்தேக்கத்தின் அருகே, வீட்டிலிருந்து ஐந்து மைல் தூரம் தனித்தனிக் காரில் வந்து நடந்துகொண்டிருந்த தோழியர் இருவருக்குக் காவலர்கள் ஆளுக்கு 200 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அவர்கள் கையில் இருந்த சூடான பானம் 'பிக்னிக்' கணக்கில் சேரும் என்றும் சொல்லப்பட்டது. உள்ளூரிலேயே நடக்க வேண்டும் என்பது அப்போதைய அறிவுரை; ஆனால் 'உள்ளூர்' என்பது எத்தனை மைல் என்று எந்தச் சட்டமும் சொல்லாத நிலையில் அந்த அபராதம் நாடெங்கும் பேச்சாகி, சில நாட்களில் ரத்து செய்யப்பட்டது. காவல்துறை மன்னிப்பும் கேட்டது. ரத்தான செய்தி எல்லோரையும் எட்டவில்லை, அபராதச் செய்தி எட்டியிருந்தது. மறுநாள் மாமி ஃபிளாஸ்க்கைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, "இதோட பிடிப்பாங்களோ?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சீருடை அணிந்தவர் 'ஏன் வெளியே வந்தாய்' என்று கேட்கும் நிலை அவருக்கு ஒரு சட்ட நுணுக்கமாகத் தோன்ற வாய்ப்பேயில்லை. அன்று முதல் மூன்று வாரம் நாங்கள் உட்காராமல், நின்றபடியே, ஒரு மரத்தின் மறைவில் குடித்தோம்.

விதிகளுக்கு அப்பால் வயதானவர்களைத் தடுத்த இன்னொன்று கழிப்பறை. இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். பல இடங்களில் பூங்காக் கழிப்பறைகள் பூட்டிக் கிடந்தன, தேநீர்க் கடைகளும் நூலகங்களும் மூடியிருந்தன. குளிரில் சிறுநீர் கூடுதலாகப் பிரியும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். மாமியின் நடை எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானித்தது மழையோ முழங்காலோ அல்ல, வீட்டுக் கழிப்பறையிலிருந்து எத்தனை நிமிடத் தொலைவு என்பதுதான். ஆகவே நீண்ட ஒற்றைச் சுற்று என்ற எண்ணத்தைக் கைவிட்டு, அவர் வீட்டை நடுவில் வைத்து இரண்டு சிறு வளையங்களாக நடந்தோம். முதல் வளையம் முடிந்ததும் அவர் உள்ளே போய் வருவார், நான் வாசலில் நிற்பேன், பிறகு இரண்டாவது வளையம். வயதானவர்களை வெளியே அழைத்துப் போக விரும்பும் யாருக்கும், எந்தக் காலத்திலும், நான் முதலில் சொல்லும் யோசனை இந்த எட்டு வடிவ நடைதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் இறுதியில் லண்டனில் காலை எட்டுக்கு விடிந்து மாலை நான்கு மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் வேலை முடிந்து போகலாம் என்று ஒத்திவைத்தால், போவது இருட்டுக்குள்தான். மதிய உணவு இடைவேளையை நடைக்கென்று ஒதுக்கியவர்களே அந்தக் குளிர்காலத்தை நல்ல மனநிலையோடு கடந்தார்கள் என்பது நான் கண்டது. விளக்குப் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய நண்பகலில் வெளியே சில ஆயிரம் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் மங்கலாகத் தெரிந்தாலும், உடம்பின் உறக்கக் கடிகாரத்துக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த வெளிச்சத்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அகலாங்கில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம்வரை வெயில் அதற்குப் போதாது. அதனால்தான் அங்குள்ள சுகாதாரத் துறை குளிர்காலத்தில் எல்லோருக்கும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் பரிந்துரைக்கிறது. தெற்காசியர்கள் போன்ற கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வதை எண்ணிப்பார்க்கச் சொல்கிறது. இதைத் தமிழ் வீடுகளில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மாலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்று என்று ஆண்கள் எளிதாக அறிவுரை சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன். 2021 மார்ச்சில் தெற்கு லண்டனில் நண்பர் வீட்டிலிருந்து இரவில் நடந்து திரும்பிய ஓர் இளம்பெண்ணை, அப்போது பணிநேரத்தில் இல்லாத காவலர் ஒருவர், தொற்றுவிதி மீறலைச் சாக்காகக் காட்டிக் கடத்திக் கொன்றதை அறிந்த பிறகு அந்த அறிவுரையை நிறுத்திக்கொண்டேன். பெண்களுக்கு மதிய நேரம் என்பது வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல.

மலைக்குப் போகலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூடாது என்றே அப்போது சொன்னேன், இன்றும் அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை. 2021 பிப்ரவரியில் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் விதியை மீறிக் கூடாரம் அடித்திருந்தவர்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, உதவிக்குப் போன மலைமீட்புத் தன்னார்வலர் ஒருவர் பெருஞ்சரிவில் விழுந்து கடும் காயம் அடைந்தார். மீட்புக்குழுவினர் சம்பளம் வாங்காதவர்கள். பெஞ்சில் உட்காருவதைத் தடுத்த விதியை நான் குறை சொல்கிறேன். ஊருக்குள் இரு என்ற அறிவுரையைக் குறை சொல்லமாட்டேன். அதே மாதம் 11ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பிரெய்மாரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 23 பாகைக்கு இறங்கியது. அந்த வாரம் எங்கள் நடைபாதைகளும் கண்ணாடியாக உறைந்து கிடந்தன. பனியில் நடக்கலாம், உறைந்த பனிக்கட்டியில் வயதானவர்கள் நடக்கவே கூடாது. இடுப்பெலும்பு முறிந்தால் போக வேண்டிய இடம், அப்போது யாருமே போக விரும்பாத மருத்துவமனை. அந்த நான்கைந்து நாட்கள் மட்டும் மாமியை நான் அழைக்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நடந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.

2021 மார்ச் 8 முதல் வேறு வீட்டார் ஒருவரோடு வெளியே உட்கார்ந்து பேசலாம், தேநீர் குடிக்கலாம் என்று விதி மாறியது. அந்த வாரம் காற்று பலமாக அடித்தது. ஹெட்ஸ்டோன் மேனர் பூங்காவில், பழைய மாளிகையைச் சுற்றிய அகழிக்கு எதிரே உள்ள பெஞ்சின் இரு முனைகளிலும் பாய்த்துண்டைப் போட்டு உட்கார்ந்தோம். நடுவில் மாமியின் ஃபிளாஸ்க், சால்வைக்குள் இல்லாமல், எல்லோருக்கும் தெரியும்படி. அகழி நீரில் வாத்துகள் காற்றுக்கு எதிராக நீந்தி, ஒரே இடத்தில் நின்றன. மழை தூறத் தொடங்கியபோது நான் எழப் போனேன். "இரும், தம்பி, இப்பதானே வந்தனாங்கள்" என்றார். நாற்பது நிமிடம் இருந்தோம். இருவருக்கும் விரல்கள் விறைத்து, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூட முடியாமல் போன பிறகுதான் எழுந்தோம்.